துணி போர்த்திய கம்ப்யூட்டர்

14 மார்ச் 1985, வியாழன்

வேலை முடிந்ததும் ரீத்தா அக்காவோடு பாக்கார் ஆராங்கில் இருக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்தேன். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை முதலில் படிக்க எனக்கு ஆசை. எழுதியதை உடனே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாமாம். வகுப்பு நடத்துகிறவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பேசிக் எல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டுலா, தங்கச்சி. கோபோல் படி, பேங்க்ல வேலை கிடைக்கும். பென்சிலும் தாளும் போதும்."

"கம்ப்யூட்டரைத் தொடவே வேணாமா, அண்ணே?"

"அதெல்லாம் கடைசி மாசம்."

பென்சிலால் படிக்கிற மொழியையே ஏன் என் தலையில் கட்டப் பார்க்கிறார்? ஐந்து மாதமாக அங்கே கோபோல் படிக்கும் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். அவளும் கம்ப்யூட்டரை இன்னும் தொட்டதில்லை. அது மேசை மேல் பூப்போட்ட துணிக்குள் இருக்கிறது. "தூசி பட்டா கெட்டுடும், துணியை எடுக்காதேன்னு சொல்லியிருக்காரு" என்றாள், ஏதோ பெருமை போல.

திரும்பும் வழியெல்லாம் அக்காவிடம் திட்டு வாங்கினேன். "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்டி. கிளினிக்கில டைப் அடிச்சே கிழவியாகப் போற."

இருக்கலாம். நாளைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் அந்தத் துணி இடது பக்கத்தில் விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் நான் தள்ளுகிற பிடி அதே இடத்தில்தான் இருக்கும். ஏழு வருடமாக அதைத் தள்ளுகிறவளுக்குத் தெரியாதா? துணிக்கு அடியில் இருப்பது டைப்ரைட்டர்.