“பதில் வந்துச்சாம்மா?”

அப்பா,

இன்று மத்தியானம் தபால் பெட்டியைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் ஓர் அரசாங்க உறை. அலோர் காஜாவில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதற்கான சம்மன். செங் வட்டாரத்தில் அத்தனை வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டிய உங்களுக்கு ஒரு சம்மன்கூட வந்ததில்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது. உறையின் மேல் என் பேர், பக்கத்தில் ‘மகள்’ என்பதற்கு மலாயில் போடும் அந்த இரண்டு எழுத்து, அதன் பின்னால் உங்கள் பேர். தண்டனைக் கடிதத்தில் மட்டும் உங்களை விடாமல் போட்டுவிடுகிறார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தேன். இதே பெட்டியை நீங்கள் தினமும் பஸ்ஸை விட்டு வந்ததும் திறந்து பார்ப்பீர்களே, அது ஞாபகம் வந்துவிட்டது.

பட்டமளிப்பு முடிந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போக நீங்களும் அம்மாவும் வடக்கே வந்தீர்களே, அந்த நாளைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வேனைக் கேட்டு வாங்கி, விடிவதற்குள் கிளம்பி, நேராகப் பல்கலைக்கழக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அம்மா புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தீபாவளிச் சட்டையை மடிப்புக் கலையாமல் இருக்கையின் பின்னால் தொங்கவிட்டு வந்து, மண்டபத்தின் கழிவறையில் மாற்றிக்கொண்டீர்கள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது நான் சாப்பிட்டேனா என்று அல்ல.

“மேடையில அப்பன் பேரையும் சேத்துத்தானேம்மா வாசிப்பாங்க?”

“ஆமாம்பா” என்றேன்.

உங்கள் பேரை யாராவது உரக்கச் சொன்னது, பஸ் ஓட்ட வருமுன் வேலை செய்த எஸ்டேட் பெரட்டில்தான். இருட்டு விலகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பேராகக் கத்துவார், நீங்கள் “யா” என்பீர்கள். உங்கள் பிறப்புப் பத்திரத்துக்கு விவரம் எழுதிக் கொடுத்தவரும் அப்படி ஒரு கிராணிதான். கடைசி எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார். மலாயில் வாசித்தால் அது பானை என்றாகிவிடும். “பானையோ சட்டியோ, அது என் பேருலா” என்று நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. முதல் வருடம் விரிவுரை மண்டபத்தில் என் முழுப்பேரை வாசித்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பு மூன்று வருடம் என் கூடவே வந்தது. பட்டமளிப்புக்குப் பாரம் கொடுத்தார்கள். ‘மேடையில் வாசிக்க வேண்டிய பேர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் பேரை மட்டும் எழுதினேன். அரை நிமிட வேலை. எனக்குக் கொடுத்த நகலைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு மறந்துவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அப்பா.

எனக்கு முன்னால் போன பிள்ளைக்கு அப்பா பேரோடு வாசித்தார்கள். எனக்குப் பின்னால் போனவனுக்கும் வாசித்தார்கள். என் பேர் வந்தது, அத்தோடு நின்றது. மேடையிலிருந்து உங்களைத் தேடினேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, நீங்கள் தட்டுவதற்காகக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அடுத்தவன் பேரும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் தட்டினீர்கள்.

பிறகு என் அறைக்கு வந்து சாமான்களைக் கட்டினோம். அம்மா துணிகளை மடித்தாள், நீங்கள் புத்தகங்களையும் தாள்களையும் பிஸ்கட் பெட்டியில் அடுக்கினீர்கள். நடுவில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றீர்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் புளிச்சோற்றைப் பிரித்தோம். முதல் வாயை வைப்பதற்கு முன் கேட்டீர்கள்.

“பெரட்டுல கூட என் பேர விட்டதில்ல. இங்க ஏம்மா விட்டுட்டாங்க?”

“ஆபீஸ்ல தப்பு பண்ணிட்டாங்கப்பா.”

“அப்படியா? அப்ப ஒரு சூராட் போடு. பதில் போடாம எங்க போயிருவாங்க?”

சரி என்றேன். அடுத்த வாரமே கேட்டீர்கள். கடிதம் போட்டாயிற்று என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. அப்புறம் நீங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “பதில் வந்துச்சாம்மா?” தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கேட்டீர்கள். என் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பேரைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். கடைசியில் பாச்சாங் சிகிச்சை நிலையத்தில், இரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி, குழாய் மாட்டிய கையை அசைக்காமல் கேட்டீர்கள். “இன்னும் வரலப்பா” என்றேன். எனக்கு எரிச்சல்கூட வந்தது.

உங்கள் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்று அவளிடம் சொல்லி அழுதேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது அவருக்குத் தெரியும்லா. அன்னிக்கு ரூம்புல பொட்டி கட்டறப்பவே அந்தப் பாரத்தப் பாத்துட்டாரு. எனக்கும் காட்டினாரு. அவளே சொல்லட்டும், நீ வாயத் தொறக்காதன்னாரு.”

அப்படியென்றால் ஓய்விடத்தில் என்னைக் கேட்டபோதே உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு கேட்ட ஒவ்வொரு முறையும் தெரியும். தபால் பெட்டியைத் திறந்து பார்த்ததெல்லாம் என் கண்ணில் படத்தானா? உங்கள் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது அப்பா. அந்தப் பாரத்தை முகத்தில் விட்டெறிந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால், காலில் விழுந்திருப்பேன், அன்றோடு தீர்ந்திருக்கும். நீங்கள் எனக்கு வருடக்கணக்கில் வாய்ப்புக் கொடுத்தீர்கள். நான் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன், நீங்கள் அடித்திருந்தால்கூட இத்தனை வலி இருந்திருக்காது.

சம்மனைக் கட்டப் போகிறேன். கவுண்டரில் என் முழுப்பேரைக் கூப்பிடுவார்கள், யாராவது சிரிக்கவும் சிரிக்கலாம். நான் “யா” என்பேன்.

நீங்கள் கேட்ட பதில் இதுதான் அப்பா. ஆபீஸில் யாரும் தப்புப் பண்ணவில்லை. கீழே கையெழுத்தில் என் பேர், மகள், அப்புறம் கிராணி எழுதிய அதே பிழையோடு உங்கள் பேர். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் நீங்கள் இல்லை.