ராதிமின் லாரிக்குப் புது இருக்கை

அன்புள்ள மகள் யிட்காவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

உன் தம்பியின் ராணுவ லாரியை விற்றுவிடச் சொன்னாய். அப்பாவும் அதைத்தான் சொன்னார். பழைய வண்டிச் சங்கத்து லுபோஷ் மே மாத ஊர்வலம் முடிந்ததும் வாங்கிக்கொள்வதாக இருந்தான். எனக்கு மனமில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியின் அடக்கத்துக்குப் பிறகு அப்பா லாரி நிற்கிற கொட்டகைப் பக்கமே போகவில்லை, ராதிம் பெயரை வாயில் எடுத்ததும் இல்லை, அவரிடம் என்ன சொல்வது. லாரியின் பின்பக்கம் வெறும் இரும்பாகக் கிடந்தது. இருக்கையின் உளுத்துப்போன மரச்சட்டங்களை, அந்த ரீப்பர்களை, ராதிம் விபத்துக்கு முன்னால்தான் கழற்றிப் போட்டிருந்தான். ஊர்வலத்தில் வயதானவர்களை ஏற்ற வேண்டும், இருக்கை இல்லாத வண்டியைச் சேர்க்க மாட்டேன் என்றான் லுபோஷ். சரி, மர ஆலையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள்தானே என்று நானே உட்கார்ந்தேன். ராதிம் வாங்கி வைத்திருந்த ஓக் பலகையை அறுத்து, இழைத்து, முனை மழுக்கி, போல்ட்டுக்குத் துளை போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்து, போல்ட்டை முடுக்கினேன். நம் அடுப்படிப் பெஞ்சு மாதிரி இடுக்கு தெரியாமல் நெருக்கி அடித்தேன். அழகாகத்தான் இருந்தது.

சூப் ஆறுகிறது என்று என்னைக் கூப்பிட வந்த அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்துவிட்டார். ஏண்டி க்வேதா, மழை பேஞ்சா தண்ணி எங்கடி போகும், சிப்பாய் கால்சட்டைக்குள்ளயா, ஊறி உப்பிக்கிட்டா பெஞ்சை மடக்கவே முடியாதே, இதென்ன பட்டாளத்து வண்டியா உன் மாமியார் வீட்டுச் சமையலறையா என்று ஒரே கத்தல். என் மாமியார் உங்க அம்மாதான் என்றேன். அவர் காதில் விழவில்லை, போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பிரித்து, விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு அவரே மறுபடி பூட்டினார். சூப்பை நான் பூனைக்கு ஊற்றினேன்.

ஊர்வலத்தன்று அப்பாவே ஓட்டுவதாகச் சொன்னார். வண்டிச் சொந்தக்காரர் பெயரை அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைப்பார்கள் அல்லவா, லுபோஷ் பேனாவோடு வந்து, இப்பவே என் பேரைப் போட்டுரலாமா மாமா, எப்படியும் எனக்குத்தானே வரப்போகுது என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. வண்டி யாருதோ அவன் பேரை எழுது என்றார். அவன் புரியாமல் நின்றான். அப்பா ராதிம் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார், லுபோஷ் எழுதினான், விலைப் பேச்சை அதன்பிறகு அவன் எடுக்கவே இல்லை. நான் பின்னால் ஏறிக் கிழவிகளோடு உட்கார்ந்துகொண்டேன். வழியில் மழை பெய்தது. தண்ணீர் தங்கவில்லை.

குழந்தைக்குத் தொப்பி பின்னி வைத்திருக்கிறேன், வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் விற்பதைப் பற்றிப் பேசாதே. அம்மா ரீப்பர் அடித்த கதையைக் கேள். என்னைத் திட்டுவார். நடுவில் தம்பி பெயரும் வரும். திட்டட்டும், நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா,
க்வேதா