பேய் வருவதற்கு முன்னால்

என் மங்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படித்தால், அதில் ஒருவராவது உன்னிடம் சொல்ல மாட்டாரா? "அய்யோ பாவா, மானம் போச்சி" என்று நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது எனக்குத் தெரிகிறது. பாவா என்றால் தெலுங்கில் அத்தான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டின பெண்டாட்டிக்குக் கடுதாசி எழுத நான் யாரைக் கேட்க வேண்டும்?

முதலில் ஊர் சமாசாரம். வெள்ளைக்காரன் போய்விட்டான். மண்ணெண்ணெய்தான் இன்னும் வந்து சேரவில்லை. அண்ணன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நம் வீட்டுக் கூடத்தில் காலை நீட்ட இடமில்லை. அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் எனக்கு அதே வேலைதான், ஒரு வாரம் பகல் டூட்டி, மறு வாரம் ராத்திரி டூட்டி. கோயில் மலைக்குக் கீழே மைதானத்தில் மறுபடியும் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பேய்ப் படம் வந்திருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.

போகாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கிற வீட்டில், புருஷனும் பெண்டாட்டியும் நின்று இரண்டு வார்த்தை பேசினாலே அடுப்பங்கரையிலிருந்து இருமல் சத்தம் வரும். நமக்கென்று இருந்த ஒரே இடம், ஊரே கூடி உட்கார்ந்திருக்கும் அந்தக் கொட்டகைதான். வேடிக்கையாக இல்லை?

அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் மூங்கில் தட்டி. நீ அந்தப் பக்கம் தட்டியை ஒட்டி உட்காருவாய், நான் இந்தப் பக்கம் ஒட்டி உட்காருவேன். தட்டிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி, மணல். விளக்கு அணைந்து, எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, திரையில் இருட்டு கவிந்ததும் அந்த மணலில் உன் கை ஊர்ந்து வரும். என் விரலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மணல் ஒட்டிய கை, சூடாக, விடாப்பிடியாக.

பேய்ப் படத்துக்கு மட்டும்தான் இப்படி. புராணப் படத்தில் உனக்கு என் நினைப்பே வராது.

அந்தத் திரிகைப் படம் ஞாபகம் இருக்கிறதா? தெலுங்குப் படம். ஒரு பெரிய வீடு, அதில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து திரிகையில் பயறு உடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, கரகரவென்று கல் சுற்றுகிற சத்தம் மட்டும். பார்க்கிற நமக்கே அலுப்புத் தட்டுகிறது. கதவுப் பக்கம் என்னவோ கேட்டதுபோல் அவள் திரும்பிப் பார்க்கிறாள், கையை எடுத்துவிடுகிறாள். கல் நின்றுவிட்டது. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

கொட்டகையில் ஒரு பிள்ளை சிணுங்கவில்லை. சோடா விற்கிறவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். தரை டிக்கெட்டில் ஒருவர், "எழுந்து ஓடும்மா, அங்க இன்னா பாத்துகினு கீற!" என்று கத்தினார். அவள் ஓடவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு, அந்த நீளமான தாழ்வாரத்தில் ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். அப்பாடா, எவ்வளவு நேரம் போனாள்!

அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது மங்கா, நான் யோசித்துப் பார்த்தேன். வண்டியில் தமுக்கடித்து, படம் ஒட்டிய தட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்களே, அதனால் பேய் வரப்போவது நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குப் பயறு உடைக்கிறாள், விளக்கைத் தூண்டுகிறாள், முந்தானையைச் செருகுகிறாள். அவள் வழக்கமான காரியம் செய்யச் செய்யத்தான் நமக்குப் பயம் ஏறுகிறது. எடுத்தவன் கெட்டிக்காரன். ஒன்றையும் காட்டவில்லை, எல்லாவற்றையும் நம் தலையிலேயே போட்டுவிட்டான்.

பிறகு பேய் வந்தது. மூஞ்சியில் மாவைப் பூசிக்கொண்டு, வெள்ளைப் புடவையில். சனங்கள் விசிலடித்துச் சிரித்தார்கள், சோடாக்காரன் நடக்க ஆரம்பித்தான், உன் கை எப்போதோ போய்விட்டிருந்தது. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டால் அப்புறம் பயமேது?

அந்தப் பேயை நான் திட்டிய திட்டு அதற்குப் புரிந்திருந்தால் மலையேறி ஓடியிருக்கும். படம் நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், பேய் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்துத்தான் சொல்வேன். ஒரு படத்தில் எழுத்து ஓடும்போதே வந்து நின்றது. கொட்டகை முதலாளியிடம் சண்டைக்கே போனேன். "யோவ், பேய்ப் படத்துல பேய் வந்தா உனக்கு இன்னாய்யா கஷ்டம்?" என்றார். அவருக்கு என்னவென்று சொல்வது?

போன வருஷம் கங்கம்மா ஜாத்திரைக்கு நகரிப் பக்கம் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோது நான் ராத்திரி டூட்டியில் இருந்தேன். விடிந்து வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம்.

அந்த ராத்திரி என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை என்பது மட்டும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மனசு படம் ஓட்ட ஆரம்பித்தது. இருட்டு அறை, பாய், காற்றில் ஆடுகிற கதவு. படத்தில் வருகிற இருட்டுக்கே என் விரலைப் பிடித்தவள் அந்த இருட்டில் எதைப் பிடித்தாளோ? கதவு வரைக்கும் வருவேன். அதைத் தாண்டிப் போகத் தைரியம் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

அத்தையை, உன் அம்மாவைக் கேட்டிருக்கலாம். "பாவா பாவான்னு கத்துச்சிப்பா" என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்தே ஒரு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காட்டாத பேய் போகவே போகாது மங்கா.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு அத்தை காவடி எடுத்து வந்தாள். மலையிறங்கி நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி சாதம் போட்டுக்கொண்டே, "பேய்ப் படம் வந்துகீதே தம்பி, போய்ட்டு வர்றதுதானே?" என்றாள்.

"அது இருந்தப்ப போனேன் அண்ணி. பயந்துகினே பாக்கும். இப்ப யாருகூடப் போறது?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "யாரு, மங்காவா பயந்துச்சி? நல்லா கீதே கதை! நீ ராத்திரி டூட்டிக்குப் போற வாரம் நாங்க பொம்பளைங்க எல்லாம் போய் அந்தப் படத்தப் பாத்துட்டு வந்துடுவோம். சிரிச்சிகினே பாக்கும். அடுத்த வாரம் ஒண்ணுந்தெரியாத மாதிரி உன்கூட வரும். பேய் எப்ப வரும்னு அதுக்கு மனப்பாடம். 'அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சி."

என் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. பேய் திரைக்கு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே உன் கை போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னிக்கு ராத்திரி அது பயந்துச்சா?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் பயந்தேன் நைனா. வெளக்கு அணைஞ்சி போச்சி, ஊத்த ஒரு சொட்டு எண்ணெ இல்ல. நான் அழுதுகினு இருந்தேன். 'ஏடவகம்மா, அழாதம்மா'ன்னு அதுதான் என் கையப் புடிச்சிகினு இருந்துச்சி. அப்புறம் உங்க மாமாவக் கூப்ட்டு, 'பாவா ராத்திரி ரயிலுக்கே வந்தாலும் வருவாரு. அவருக்கு இருட்டுன்னா ஆவாது. நீங்க ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிகினு வாங்க'ன்னுச்சி. அவரும் போனாரு."

அன்று காலை நான் ரயிலை விட்டு இறங்கியபோது மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேதி சொல்ல வந்து, சொல்ல முடியாமல் இருக்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் ராத்திரி முழுக்க எனக்குத் துணையாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் பேசாமல் நடந்து வந்தோம். நீ போய்விட்டாய் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கும் தெரிந்தது.

எனக்கு இருட்டென்றால் ஆகாது. உண்மைதான். பெற்ற அம்மாவுக்குக்கூட அது தெரியாது. கூட்ஸ் ஷெட்டில் லாந்தர் இல்லாமல் நான் ஓர் அடி வைக்க மாட்டேன், அதைத் தொழில் சுத்தம் என்று சொல்லிக்கொள்வேன். நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? தட்டிக்கு அடியில் என் கை வேர்த்ததை வைத்தா? ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கலாமே. பயப்படுகிற பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்லும் வீரனாக என்னை நினைக்க விட்டுவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாயா?

உன் கை வேண்டும் மங்கா. வேறென்ன எழுதுவது? கோயில், படம், சாமி, சமாசாரம் எல்லாம் இருக்கிறது. அந்தக் கை இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். உன் காரியம் முடிந்த பிறகு நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை, இப்போது போகிறேன். சாயந்திரம் விளக்கு ஏற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியாயிற்று. நீ படுத்திருந்த அறையில், இருட்டில், தனியாகத்தான் உட்காரப் போகிறேன். நிச்சயம் பயமாக இருக்கும். எழுந்து ஓட மாட்டேன், சத்தியம்.

நீ அழைத்துவர ஆள் அனுப்பியும் நேரத்துக்கு வந்து சேராத,
உன் பாவா