நான் கீழே போட்ட மஞ்சள் கொடி

பாசமுள்ள ராசு அண்ணனுக்கு,

விடிந்தால் நீ போய் முப்பது நாள். உன் படத்துக்குப் போட அம்மா கதம்பம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கப்போகிறது. அது இந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். அப்பா, சித்தப்பா, நான். எனக்குத் தெரியும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அடுப்படியில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேதியியல் நோட்டின் கடைசித் தாள்கள். "கோழி கிண்டுன மாதிரி எழுதுறியே பாப்பா, நீ டாக்டராத்தான் ஆவ" என்று கேலி செய்வாயே, இன்றைக்கு என் எழுத்து அதைவிட மோசமாக இருக்கிறது.

ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பா ஓட்டுகிற ஜேசிபியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சித்தப்பா அவரிடம் பேசினார். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"காலைல ஆறரைக்கு பைக்குல அன்னவாசலத் தாண்டுவான்ணே. விராலிமலை ரோட்டுல கம்பெனி வேன் வந்து நிக்குமாம். அவன் கூட வேல பாக்குற பய சொன்னான்."

"தனியாவா வாரான்?"

"தனியாத்தான். நம்ம வளைவு திரும்பயில இத ரோட்டுக்குக் குறுக்க நிறுத்திருங்க. தானா வந்து விழுவான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அப்பா, "உசுரு வேணாம்டா. காலு போதும். ரெண்டு காலும்" என்றார். உப்பு கம்மி என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

அவர்கள் சொன்னது நவீனை. திருக்கோகர்ணத்தில் வாட்டர் சர்வீஸில் பைக் கழுவுகிற நவீன். உன் டிபன் டப்பாவில் பாதியைத் தின்றுவிட்டு, "ஒங்க வீட்டுப் புளிக்கொழம்புக்காகத்தான்டா ஒன்கூட சகவாசமே" என்று சொன்ன நவீன். உன் மேல் வண்டியோடு வந்து விழுந்த நவீன்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேனே என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைக்கப்போவதில்லை. எடுக்கிறவர்கள் படிக்கட்டும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் காய்ந்த கண்மாய்க்குள் அப்பாவின் பழைய பைக்கை மாற்றி மாற்றி ஓட்டித்தான் தொடங்கினீர்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்சக்கரத்துக்கு மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் மாட்டினீர்கள். அப்புறம் மண் மேடுகளில் தாவி ஓட்டுகிற பைக் ரேஸுக்கு லைசென்ஸ். அதற்கு டாக்டர் சர்டிபிகேட், நெஞ்சு எக்ஸ்ரே, அப்பாவின் கையெழுத்து. இரண்டு வருஷம் புதுசாக ஓட்டுகிறவர்களுக்கான நாவிஸ் பிரிவு. எனக்கு ஒன்றும் புரியாமல் கேட்டபோது நீ சொன்னாய்: "நாவிஸ்ல ஜெயிச்சா கப்பு குடுப்பாங்க. எக்ஸ்பர்ட்ல ஜெயிச்சா வண்டி குடுப்பாங்க. அதுக்கப்புறம் டயர் கிழிஞ்சா நமக்கு என்ன, கம்பெனிக்காரனுக்குத்தான் வயிறெரியும்."

அடுத்த பிரிவான எக்ஸ்பர்ட்டில் இரண்டு பேருமே முன்னால் வந்தீர்கள். அடுத்த போட்டிக்குக் கோயம்புத்தூரில் இருந்து ஒரு கம்பெனி ரேஸ் டீமின் ஆள், ஓட்டுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க வரப்போகிறார், இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து நவீன் நம் வீட்டுக்குச் சாப்பிட வருவதைக் குறைத்துக்கொண்டான். நீயும் கூப்பிடவில்லை. ஆனாலும் உனக்கு செயின் அறுந்த அன்று அவன்தான் தன் வண்டிச் செயினைக் கழற்றிக் கொடுத்தான். இதை அப்பாவிடம் நீ சொன்னதே இல்லை. ஏன்?

அந்தப் போட்டிக்காக விராலிமலைக்கு அங்கிட்டு இருந்த பொட்டலில் அப்பாதான் ஜேசிபி வைத்து மேடுகளை ஏற்றினார். கடைசி மேட்டை மட்டும் போட்டி நடத்தியவர்கள் கேட்ட உயரத்தோடு விடவில்லை. இன்னும் ஒரு பக்கெட், இன்னும் ஒரு பக்கெட் என்று மண்ணை அள்ளிக் கொட்டினார். "எம் மவன் பறக்கையில ரோட்டுல பஸ்ல போறவனுக்கும் தெரியணும்" என்றார். ஏறி வருகிறவனுக்கு மேட்டின் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. விழுந்து கிடக்கிறவன் இருந்தாலும் தெரியாது. பக்கத்தில் கொடி பிடித்து நிற்கிற ஆள்தான் அவனுக்குக் கண்.

நம் பக்கத்துப் போட்டிகளில் கொடிக்கு ஆள் கிடைக்காது. தம்பி, மச்சான், கூடப் படிக்கிறவன் என்று யாரையாவது நிறுத்துவார்கள். அந்த மேட்டுக்கு நீதான் என்னை நிறுத்தச் சொன்னாய். "எம் பாப்பாவுக்குக் கண்ணு கூர்மை" என்று போட்டி நடத்தியவரிடம் பெருமையாகச் சொன்னாய்.

கண்மாயில் வைத்து என்னை எத்தனை தடவை பழக்கினாய். மஞ்சளை ஆட்டினால் தாவக்கூடாது, முந்தக்கூடாது, மெதுவாக வரணும். நீ வேண்டுமென்றே சாய்ந்து விழுந்தாய். நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே திட்டினாய். "கொடி முதல்ல. நான் செத்துக் கெடந்தாலும் கொடி முதல்ல. மத்ததெல்லாம் பெறவு." அடுத்த தடவை விழுந்தபோது நின்ற இடத்திலேயே நின்று ஆட்டினேன். அன்று எனக்கு பன் பட்டர் வாங்கித் தந்தாய்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி ரவுண்டில் நீ முன்னால் வந்தாய், நவீன் கொஞ்சம் பின்னால். நீ மேட்டில் ஏறிப் பறந்தாய். ரோட்டில் பஸ் ஒன்று போனது, அதில் இருந்தவர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள். ஆனால் வண்டி நேராக இறங்கவில்லை. முன்சக்கரம் மண்ணுக்குள் போய்க் குத்தியது. நீ ஹேண்டில்பாரைத் தாண்டி வந்து விழுந்தாய். வண்டி புரண்டு உன் காலின் மேல் கிடந்தது. உன் முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது.

நீ உயிரோடு இருந்தாய் அண்ணே. தலையைத் தூக்கினாய். "கொடி, கொடி" என்று கத்தினாய். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டும் கொடியைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன்.

நவீன் மேட்டின் உச்சியில் வந்தான். காற்றில் இருக்கும்போது ஒருவனால் என்ன செய்ய முடியும்? எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை உதறித் தள்ளப் பார்த்தான். என் முகத்தில் மண் அடித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் வண்டியின் பின்சக்கரம் உன் கழுத்துக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. என் சுடிதாரின் மடியெல்லாம் ரத்தம். உன் கையைப் பிடித்தேன். விரல் இரண்டு தடவை இறுக்கியது. பிறகு இறுக்கவில்லை.

அப்பா ஓடி வந்தார். முதலில் உன்னைப் பார்க்கவில்லை. நவீன் தலையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே அவன் வாயில் அடித்தார். பல் விழுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா விலாவில் மிதித்தார். அவன் கையைக்கூடத் தடுக்கவில்லை. ரத்தத்தைத் துப்பித் துப்பி, "கொடி இல்ல மாமா, கொடி இல்ல மாமா" என்று மட்டும் சொன்னான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கையில் அந்த ஹெல்மெட்.

"கொடி ஆட்டுனியா?"

"ஆட்டுனேன்ப்பா."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்கு அப்புறம் அவனை இன்னும் அடித்தார்கள். நவீன் என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. போலீஸ் கேட்டபோதும் நான் அதையே சொன்னேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டாம் தடவை வாய் தானாகச் சொல்கிறது.

டீமின் ஆள் ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "பெரிய ரேஸ்ல வீட்டு ஆளுங்க கையில கொடியே குடுக்க மாட்டாங்க சார். கொடிய விட்டுட்டு ஓடிருவாங்க. அது அவங்க தப்பு இல்ல, நிறுத்துனவங்க தப்பு" என்றார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீ போக நினைத்த இடத்துக்கும் நாம் இருந்த இடத்துக்கும் இதுதான் வித்தியாசமா அண்ணே? அங்கே நீ விழுந்தால் உன்னைத் தெரியாத ஒருவர் நின்று கொடி ஆட்டியிருப்பார். உன்மேல் பாசம் இல்லாத ஒருவர். நீ இருந்திருப்பாய்.

பதினாறாம் நாள் காரியத்தன்று நவீன் தெருமுனை வரைக்கும் வந்து நின்றான். வாய் இன்னும் வீங்கியிருந்தது. அப்பா ஸ்பேனரை விட்டெறிந்தார். அது அவன் தோளில் பட்டு, பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் விழுந்தது. அவன் குனிந்து ஸ்பேனரை எடுத்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனான்.

போன வாரம் செய்தி வந்தது. அவனை டீமில் ஓட்டிப் பார்க்க நாளைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து ரவுண்டில் ஒவ்வொன்றையும் ஒரே அளவு நேரத்தில் முடிக்கிறானா என்று பார்ப்பார்களாம். சித்தப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். "கொடியப் பாத்துக்கிட்டே தாவி நம்ம புள்ளயக் கொன்னவனுக்குக் கம்பெனி வண்டியா? நாமெல்லாம் மீசை வச்சிக்கிட்டு இருக்கோம்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த மேட்ட ஏத்துனது யாரு?" என்றாள்.

அப்பா எழுந்து போய் அறைந்தார். அம்மாவின் உதடு கிழிந்தது. மறுபடியும் கையை ஓங்கினார், பாதியில் நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார். பிறகு வெளியே போய் ஜேசிபியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்பா கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இப்போது யாரையாவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது அவருக்கு.

இன்றைக்கு அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகு அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கதவு வரைக்கும் போனேன். பாய்க்குப் பக்கத்தில் கடப்பாரை தயாராக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நவீனுக்குப் போன் செய்ய நம்பர் இல்லை. உன் போனில் இருந்தது, அது உன் சட்டைப் பைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. அம்மாவை எழுப்பினால் அப்பாவிடம் போய்க் கேட்பாள், மறுபடியும் அடி வாங்குவாள்.

பயமாக இருக்கிறது அண்ணே. அப்பா அவனுக்கு வைத்திருப்பதை எனக்குச் செய்தால்? செய்யாமல் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றால்? எது மோசம் என்று தெரியவில்லை. அன்றைக்கு நீயும் நவீனும் பத்து ரவுண்டு ஓட்டினீர்கள். எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கொடி என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு யாரும் பார்க்காமல் எடுத்து ஸ்கூல் பையின் அடியில் சுருட்டி வைத்தேன். துவைக்கவில்லை. அப்பா போட்ட மேட்டின் செம்மண் அதில் காய்ந்து கிடக்கிறது. முப்பது நாளாகக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் அது இருக்கிறது, நான் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய் வருகிறேன்.

ஆறு மணிக்கு டியூஷன் என்று சொல்லிக் கிளம்புவேன். தினமும் போகிறதுதான், யாரும் கேட்க மாட்டார்கள். டியூஷனுக்குத் திரும்பாமல் ரோட்டில் நேராக நடந்து, வளைவுக்கு இந்தப் பக்கம், அன்னவாசலில் இருந்து வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஜேசிபி நிற்பது அவனுக்குத் தெரியாது. நான் ஆட்டினால் தெரியும்.

நவீன் நிற்பான் அண்ணே. கொடியைப் பார்த்தும் தாவுகிறவன் இல்லை அவன். அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாளைக்கு அப்பாவுக்கும் தெரியும். அவன் எப்படி நிற்கிறான் என்று ஜேசிபியின் உயரத்திலிருந்து அவர் கண்ணாலேயே பார்ப்பார். ஜேசிபியை விட்டு இறங்கி வந்து, கையில் என்ன இருந்தாலும் சரி, என்னைக் கேட்பார். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்பார். ஆட்டவில்லை அப்பா என்று சொல்வேன். ராசு அண்ணன் கத்தியும் ஆட்டவில்லை என்று சொல்வேன். போலீஸிலும் சொல்வேன்.

ஒருவேளை என்னால் பேச முடியாமல் போனால் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறேன். காலையில் கதம்பம் போட வரும்போது அம்மா எடுப்பாள். அம்மா, சத்தமாகப் படி. சித்தப்பாவுக்கும் கேட்கட்டும்.

இந்தத் தடவை ஓடி வர மாட்டேன் அண்ணே. யார் விழுந்தாலும், யார் கத்தினாலும், அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், அவன் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றுகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்று ஆட்டுவேன். கொடி முதலில். மற்றதெல்லாம் பிறகு.

நீ கொடி பிடிக்கச் சொன்ன
உன் ஒரே தங்கச்சி,
பாப்பா