வேலிக்கு மேலே தெரிந்த கிண்ணம்

1938 பங்குனி, சனி இரவு

கூடைப்பந்துக் கிண்ணம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்துவிட்டது. மூன்று வருடம் அவர்களைப் பழக்கிய நான் அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வீட்டில் கிடந்தேன். வாசல் படலையில் வேப்பிலை செருகியிருந்ததால் விளையாடிய பெடியன்கள் உள்ளே வரவில்லை. கிடுகு வேலிக்கு மேலே கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.

"வெண்டிட்டம், சேர்!" கப்டன் செல்வத்தின் குரல். பாதி ஆட்டம்வரை புள்ளியில் பின்னால்தான் நின்றார்களாம்.

யன்னலடிக்குப் போய், "இடைவேளையிலை ஆர் என்ன சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, சேர். தோடம்பழம் திண்டு, பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தனாங்கள். பிறகு நான் எறிஞ்சதெல்லாம் கூடைக்குள்ளை விழுந்தது."

"ஒற்றைக் கையாலையோ எறிஞ்சனீ?"

"ஓம், சேர்."

விழும். என்னிடம் வந்த முதல் நாளே அப்படி எறிந்து விழுத்தியவன். இரண்டு கையாலும் எறி என்று மூன்று வருடமாகக் கத்தியது நான்தான்.

"உங்கடை பழக்கம்தானே வெண்டது" என்று மனைவி கஞ்சியை வைத்தாள். அவள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

'நீங்கள் அங்கை நிண்டிருந்தால்' என்று செல்வம் ஒரு சொல் சொல்லுவான் என்று காத்திருந்தேன். தோற்றிருந்தால் சொல்லியிருப்பான். கிண்ணம் வேலிக்குப் பின்னால் இறங்கியபின் அவன் குரல் மட்டும் வந்தது.

"ஆறுதலாய்ப் படுங்கோ, சேர். திரும்பி வர ஒரு அவசரமும் இல்லை."