பாறையைப் பார்க்க வெரோனா போனது

புரட்டாசி 10, திங்கள்

தூறல். குளிர். காலையில் ஓட்டல் மேசையில் இருந்தவர்கள்: நான், என் மகன் செல்லமுத்து, மருமகள் சரோஜா, எங்களிடம் கல் வாங்குகிற மார்க்கோ துரை, ஊர் சுற்றிக்காட்ட அவர் அமர்த்திய லூசியா என்ற பெண். வேறு யாருமில்லை. காபி ஒரே மடக்கு, கஷாயம் மாதிரி. புரட்டாசி ஆனதால் கவுச்சி தொடவில்லை. ரொட்டி, தக்காளி.

இத்தாலிக்கு நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. என் பாறையைப் பார்க்க. அப்பா போனதும் அண்ணன்மார் இரண்டு பேரும் கிணற்றுக்காட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றும் விளையாத பாறையை எனக்கு விட்டார்கள். பெரியவன் சொன்ன சொல் மறக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்குக் கடலை காயப்போடக் களம் வேணுமல்ல, எடுத்துக்கட்டும்." இப்போது அதே பாறை கப்பலேறி இந்த ஊருக்கு வருகிறது. மேற்குப் பாதியை மட்டும்தான் செல்லமுத்துவுக்கு வெட்டக் கொடுத்தேன். கிழக்குப் பாதியில் சுனை இருக்கிறது. சித்திரையிலும் வற்றாது. அதில் கைவைக்க மாட்டேன் என்று செல்லமுத்து எனக்குச் சத்தியம் செய்திருக்கிறான்.

போன வருசம் எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது துரைதான் என்னை அழைத்தார், வந்து பாருங்கள் என்று. செல்லமுத்துக்கு இஷ்டமில்லை. நான் விடவில்லை.

"கல்லறுக்கற பட்டறைக்கு எப்படா போறது?"

"நாளைக்குப் போலாமுங்கம்மா. மொதல்ல ஊரைப் பாருங்க. ஆருக்குக் கெடைக்குது இது?"

பார்த்தது: வட்டக் கோட்டை ஒன்று. உள்ளே சுற்றிலும் கல் படிகள். முன்னே ஆளும் மிருகமும் சண்டை போட்ட இடமாம், இப்போது பாட்டுக் கச்சேரி. லூசியா சொல்லச் சொல்ல சரோஜா தமிழில் சொன்னாள். ஒரு கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். காவல்காரன் ஓடிவந்தான்.

"இதுல ஒரு சில்லுகூடப் பேத்தெடுக்க உடமாட்டாங்களாமுங்கத்தை."

"இவுங்களுக்கு நம்ம செல்லமுத்தாட்டம் ஒரு மகன் பொறக்குல, அம்மிணி."

சரோஜா சிரிக்கவில்லை.

புரட்டாசி 11, செவ்வாய்

வெயில். கால் வீக்கம். ஊர் நடுவே காய்கறிச் சந்தை, குடை குடையாக. அத்திப்பழத்தை அமுக்கிப் பார்த்தேன், கடைக்காரி என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு ஒரு பழம் சும்மா கொடுத்தாள். நல்ல இனிப்பு.

காதலித்துச் செத்த ஒருத்தியின் வீடு. முற்றத்தில் அவள் சிலை. வருகிறவன் போகிறவன் எல்லாம் சிலையின் மார்பில் கைவைத்துப் படம் பிடிக்கிறான். நல்லது நடக்குமாம். "செத்தும் அவளுக்கு நிம்மதியில்ல, வா அம்மிணி" என்று வந்துவிட்டேன்.

மத்தியானம் செல்லமுத்துவும் சேர்ந்துகொண்டான். ஒரு வளைவில், தலைக்கு மேலே, பெரிய எலும்பு தொங்குகிறது. திமிங்கலத்தின் விலா எலும்பு. பொய்யே சொல்லாத ஆள் கீழே நடந்தால் அது விழுமாம்.

"நீங்க போவாதீங்கம்மா, உங்க மேல உழுந்துரப் போவுது."

போனேன். விழவில்லை. நானும் பொய் சொன்னவள்தான், அது வேறு கதை. அங்கேயே நின்று கேட்டேன்.

"கெழக்கால பாறை அப்படியே கெடக்குதாடா?"

"கெடக்குதுங்கம்மா."

"நெசமா?"

"அட, இங்க வந்துமா அதே பேச்சு!"

சரோஜா என் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பட்டறை? நாளைக்காம்.

புரட்டாசி 12, புதன்

மழை. கோயில் 3. பாலம் 2. கோபுரம் 1, நான் ஏறவில்லை. பட்டறை இல்லை.

ஆறு நல்ல ஆறு. தண்ணீர் நிறைய. பாலத்தின்மேல் நிற்கும்போதுதான் தோன்றியது. சித்திரையில் எனக்குக் கண் ஆபரேசன். அன்றிலிருந்து செல்லமுத்து என்னைச் சேலத்து வீட்டிலேயே வைத்திருந்தான். "தூசி ஆவாதுங்கம்மா, ஊருக்குப் பொறகு போலாம்." கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் தூசி ஆகாது என்றான். அப்போது அதைப் பாசம் என்று நினைத்தேன்.

சரோஜா இன்று என் முகத்தையே பார்க்கவில்லை.

புரட்டாசி 13, வியாழன்

வெயில். செல்லமுத்து கல் கண்காட்சிக்குப் போயிருந்தபோது துரையே கார் கொண்டுவந்தார். பட்டறைக்கு. "அவரு வந்துரட்டுமுங்கத்தை" என்று சரோஜா கையைப் பிடித்தாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறை வாசலில் ஒரு கருங்கல், முழங்கால் உயரம். நடுவில் குழி. குழியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டிருந்தார்கள். பூவை ஒதுக்கிக் கையை விட்டேன். வழவழப்பு. ஒரு பக்கமாகச் சாய்வு. நான் இடதுகைக்காரி. சுனை ஓரத்தில் நான் ராகி இடித்த குழி அது.

துரை கும்பிட்டார். சந்தோசமாக ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்லச் சொல்லிச் சரோஜாவை அதட்டினேன்.

"இதை நீங்க அன்பளிப்பாக் குடுத்துவுட்டீங்கன்னு சொன்னாராமுங்கத்தை, உங்க மகன்."

"எப்ப வந்துது?"

"ஆவணியிலீங்க."

"கெழக்கால எவ்வளவு போச்சு?"

"பூராவுமுங்க."

"சுனை?"

அழுதாள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் செல்லமுத்து வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"ஆர்டர் கைய உட்டுப் போயிருமுங்கம்மா. அதான். கண்ணு சரியானதும் சொல்லலாம்னு இருந்தேன்."

வீங்கிய காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன்.

"பாறைதானுங்களேம்மா."

பங்கு பிரித்த அண்ணன்மார்கூடப் பாறையை எனக்கு விட்டார்கள்.

சாப்பிட்டீங்களா என்றான். சுவரைப் பார்த்துப் படுத்தேன். எழுந்து போய்விட்டான்.

துரைமேல் குறையில்லை. விற்றதை வாங்கினார். சரோஜா தெரிந்தே வாயை மூடியிருந்தாள். அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது, போகட்டும். நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். செல்லமுத்து.