முகில் நிலையத்துக்கு மணிக்கூடு இல்லை

ஒக்டோபர் 12, செவ்வாய்

வெயில். ஐப்பசி பிறக்கப் போகிறது, வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

செய்தவை: ஜெனரேற்றருக்கு எண்ணெய் மாற்றியது. அன்ரனாத் திருகுகளுக்குக் கிறீஸ். கட்டட வேலைக் கொந்திராத்துக்காரரோடு சண்டை.

சண்டை வாசல் வளைவைப் பற்றி. மழைமுகில் ஆராய்ச்சி நிலையம் என்று கொழும்பில் பெயர் வைத்தார்கள். காட்டை வெட்டி ஒரு அறை, ஒரு அன்ரனா, வானத்தில் சுற்றும் செய்மதி அனுப்பும் முகில் படத்தைத் தாளில் கோடு கோடாக இழுக்கும் பெட்டி. அவ்வளவு போதும். இப்போது வளைவு, இரும்புக் கேற், வழி நெடுகக் கல் வரிசை. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் திறந்துவைக்க வருகிறாராம். நான் படம் பிடிக்கத் தொடங்கி இரண்டு மாதம். இனித்தான் திறக்கப் போகிறார்கள்.

நான் கேட்டது ஒரு நல்ல மணிக்கூடு. செலவுப் பட்டியலில் வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் கணக்கரின் குறிப்பு: ‘மாங்குளம் புகையிரத நிலையத்தில் மணிக்கூடு உண்டு.’

கொந்திராத்துக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஐசே, மணிக்கூட்டை ஆர் வந்து பாக்கிறது? வளைவெண்டால் றோட்டாலை போறவனும் பாப்பான்.”

“மணிக்கூடு பிழைச்சால் படம் எந்த இடத்துப் படமெண்டே தெரியாது.”

“படம் படம்தானே. சுவரிலை கொழுவும்.”

இந்த ஆளுக்கு விளக்குவது வீண். செய்மதி தான் எங்கே நின்று படம் எடுத்தேன் என்று சொல்லாது. அது வந்த நேரத்தை வைத்து நான் கணித்துத் தேசப்படக் கோடுகளை மேலே போட வேண்டும். ஒரு நிமிடம் பிழைத்தால் வடக்கே இருக்கிற பருத்தித்துறை தென்கோடித் தேவேந்திரமுனைக்குப் போய்விடும். கரை தெரிந்தால் திருத்தலாம். முகில் மூடியிருந்தால் நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவு நாளும் வானொலி மணியோசைக்குக் கைமணிக்கூட்டைச் சரிசெய்து வந்தேன். போன கிழமை வானொலிப் பற்றறி செத்துவிட்டது. கேட்டு எழுதினேன். கேள்விப்பத்திரம் அழைத்து, பல பேரிடம் விலை கேட்டுத்தான் வாங்குவார்களாம். ஒரு பற்றறிக்கு. கூட்டுறவுச் சங்கக் கடையில் வானொலி இருக்கிறது, சைக்கிளில் போய்க் கேட்கலாம். போகமாட்டேன். அரசாங்கம் தர வேண்டியதை நான் ஏன் தேடித் திரிய வேண்டும்?

ஒக்டோபர் 14, வியாழன்

வெயில்தான். ஆனால் இன்றைய படம் அருமை. தாள் நிறைய வெள்ளைத் திரள், கரையே தெரியவில்லை. கணித்துக் கோடு போட்டேன். திருகோணமலைக்குக் கிழக்கே, கடல் மேல். எங்களை நோக்கி.

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் பயிர்க்கூட்டம். குடியேற்றத்து விவசாயிகள் எல்லாரும். குளத்தில் தண்ணீர் குறைவு. நல்ல மழை ஒன்று விழுந்த பிறகு விதைப்போம் என்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் படத்தைக் காட்டினேன். மூன்று நாளில் பெருமழை, இப்போதே புழுதியில் விதைத்தால் பயிர் முந்தும், குளத்து நீர் மிஞ்சும்.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: “தம்பி, உந்த வெள்ளை முகிலோ, கோழி எச்சமோ?”

பள்ளிக்கூடமே சிரித்தது. முடிவு: பொறுத்திருப்பது.

திரும்பும்போது கந்தையா அண்ணை கூட வந்தார். அவர் வீட்டில்தான் எனக்கு அறையும் சாப்பாடும். தீவுப்பகுதியில் காணி இல்லாமல் இங்கே வந்து காடு வெட்டிய மனிதர்.

“நீர் எழும்பிக் கதைக்கேக்கை எனக்குப் பெருமையாக் கிடந்தது. சிரிச்சவங்கள் சிரிக்கட்டும். மழை வருமோ தம்பி?”

“வரும் அண்ணை. யோசிக்காதேங்கோ.”

ஒக்டோபர் 16, சனி

வேலை இல்லை. கந்தையா அண்ணை விதைத்தார். இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர் மட்டும்.

வரம்பில் நின்று அவர் மனைவி பூமணி அக்கா கெஞ்சினா. “இஞ்சேருங்கோ, பாதியை வையுங்கோ. வீட்டிலை விதைநெல் வேறை இல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பாதி பாதியாக விதைத்தால் ஒரே வயலில் இரண்டு வயதுப் பயிர் நிற்கும், தண்ணீர் முறை குழம்பும் என்றேன். அது சரியான கதைதான். எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

முழுவதையும் விதைத்தார். சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

ஒக்டோபர் 19, செவ்வாய்

விடியப்புறம் தூறல். அரை மணித்தியாலம் இருக்கும். புழுதி மணம். பூமணி அக்கா கோப்பிக்குச் சீனி கூடப் போட்டுத் தந்தா. “தம்பியின்ரை றொக்கெற் பொய் சொல்லேல்லை,” என்றா.

பெருமழை பின்னால் வரும். இரண்டு நாள் பிந்தலாம்.

ஜெனரேற்றர் புகைக்கிறது. வளைவுக்குச் சீமெந்து வந்து இறங்கியிருக்கிறது.

ஒக்டோபர் 23, சனி

வயல் முழுக்க ஊசி ஊசியாய் முளை. வானம் கழுவிவிட்டதுபோல் வெளி. அனல்.

இன்றைய படத்தில் முகிலே இல்லை. முதல் முறையாக இலங்கை முழுவதும் கரை கரையாகத் தெரிகிறது. கோடு போட்டுப் பார்த்தேன். என் கோட்டின்படி யாழ்ப்பாணம் சென்னைக்கும் வடக்கே நிற்கிறது.

திரும்பக் கணித்தேன். அதே விடை. தாளை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சங்கக் கடை வானொலியில் மணியோசை கேட்கும்வரை மனேச்சரோடு எதையோ கதைத்துக்கொண்டு நின்றேன். என் மணிக்கூடு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தி ஓடுகிறது.

அப்படியானால் அந்த வெள்ளைத் திரள் திருகோணமலைக்குக் கிழக்கே நிற்கவில்லை. இலங்கைக்கும் தெற்கே, நடுச் சமுத்திரத்தில் தன்பாட்டுக்கு நின்றிருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பின்னேரம் கந்தையா அண்ணையிடம் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன?

“மணிக்கூடு பிந்திப் போச்சு அண்ணை. இடத்தைப் பிழையாப் போட்டிட்டன்.”

“எவ்வளவு பிந்தினது?”

“ரண்டு நிமிசம்.”

“நான் கலியாணத்துக்கே ஒரு மணித்தியாலம் பிந்திப் போனனான் தம்பி,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

குசினிக்குள்ளிருந்து அக்கா: “றொக்கெற்றைக் கேட்டு விதைச்சவர்தானே. இனி அரிசியையும் றொக்கெற்றிட்டையே வாங்கட்டும்.”

ஒக்டோபர் 29, வெள்ளி

முளை கருகிவிட்டது. கையால் தட்டினால் தூள். நான் போய்ப் பார்த்தேன். கந்தையா அண்ணை வரவில்லை.

சங்கத்தில் விதைநெல் கொடுத்து முடிந்தது. கடனாய்க் கேட்டாலும் இல்லை. மற்றவர்கள் தங்கள் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள், யார் கொடுப்பார்? என் சம்பளத்தில் வாங்கித் தருகிறேன் என்றேன். துணுக்காய் வரை தேடினேன். இந்த நேரத்தில் விதைநெல் விற்கிறவன் இல்லை.

இரவு அரிசி இல்லை, குரக்கன் பிட்டு. அக்கா எனக்குத்தான் முதலில் வைத்தா. திட்டினாலாவது சாப்பிட்டிருக்கலாம்.

வவுனியாவில் எலாம் மணிக்கூடு ஒன்று சொந்தக் காசில் வாங்கியாயிற்று. மலிவுதான். போன மாதமே வாங்கியிருக்கலாம்.

பற்றறிக் கேள்விப்பத்திரத்துக்கு இன்னும் பதில் இல்லை.

நவம்பர் 3, புதன்

வெயில். சனிக்கிழமை திறப்புவிழா. கொந்திராத்துக்காரர் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்.

காலை சைக்கிளில் கேற்றுக்குள் திரும்பினால், வழிக்கல்லுக்கு வெள்ளையடித்தபடி குந்தியிருக்கிறார் கந்தையா அண்ணை. வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. நான் இறங்கினேன். அவர் தூரிகையை வாளிக்குள் தோய்த்தார். “கல்லிலை முட்டிப் போடாதையும் தம்பி, இன்னும் காயேல்லை.”

கொந்திராத்துக்காரர்: “உம்மடை வீட்டுக்காரர் நல்ல வேலைக்காரன், ஐசே. வயலைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிச்சவர்?”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 5, வெள்ளி

காலைப் படம்: கிழக்கே கடல் மேல் பெரிய திரள். மன்னார்க் கரை தெளிவாகத் தெரிந்தது, கோடு சரியாகப் பொருந்தியது. நேரம் இரண்டு முறை பார்த்தேன். இன்றைக்கே மழை. சந்தேகமில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை.

மத்தியானம் பிடித்தது. ஓட்டில் கல் விழுகிறதுபோல் மழை. கல் வரிசையின் வெள்ளை முழுவதும் கரைந்து வழி நெடுகப் பால்போல் ஓடியது. வளைவின் கீழே எல்லாரும் ஒதுங்கி நின்றோம்.

“தம்பி, காலமைப் படத்திலை இது தெரிஞ்சதே?”

“ஓம் அண்ணை.”

“இடம் சரியாய்ப் போட்டனீரோ?”

“ஓம்.”

“சொல்லியிருக்கலாமே. இவ்வளவு கல்லையும் அடிச்சிருக்க மாட்டன்.”

கொந்திராத்துக்காரர் குடைக்குள்ளிருந்து கத்தினார்: “ஒருதரும் யோசிக்காதேங்கோ. விடியக் காலமை திரும்ப அடிப்பம். அதுக்கும் காசு ஒதுக்கிக் கிடக்கு.”

றோட்டுக்கு அப்பால் ஊரே வயலுக்கு ஓடுகிறது. தலையில் விதைநெல், கையில் மண்வெட்டி. கோழி எச்சம் என்றவரும் போகிறார். எங்களைக் கண்டு கையாட்டினார்.

கந்தையா அண்ணை கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீர் படாமல் சுண்ணாம்பு வாளியை ஒரு சாக்கால் மூடிக் கட்டினார். விதைநெல் இருந்த சாக்கு.